இரத்மலானையில் பறக்கப் பழக எது நல்லது: செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் வாரியர்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சின்ன விமானத்தின் இரைச்சல் புதிதில்லை. இரத்மலானையில் கிளம்பிக் கடற்கரையோரமாகத் திரும்பும் ஒற்றை எஞ்சின் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே பலருக்கு இந்த ஆசை பிடித்துவிடுகிறது. ஏ.எல். முடித்த கையோடு பயிற்சிப் பள்ளிகளை விசாரிக்கத் தொடங்குவார்கள். அங்கே முதலில் வரும் கேள்வி, எந்த விமானத்தில் பழகுவது என்பதுதான்.

வீட்டில் காசு கட்டப்போகிறவர்கள் பெரும்பாலும் பெரியதையும் புதியதையும்தான் கைகாட்டுவார்கள். நாலு இருக்கை, முன்னால் பெரிய திரைகள், உள்ளே ஏறினாலே ஒரு நம்பிக்கை வரும். நான் அதற்கு மாறாகச் சொல்வேன். உடல் எடை இடம் கொடுத்தால், தனியாகப் பறக்கிற கட்டம் வரைக்கும் செஸ்னா 152. அப்புறம் தூரப் பறப்புக்குச் செஸ்னா 172. பைப்பர் வாரியரும் நல்ல விமானம்தான், ஆனால் கொழும்பு வெயிலில் முதல் விமானமாக அதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன்.

152 சந்தைக்கு வந்தது 1977-இல். அதற்கு முன் இருந்த 150-க்கு 100 குதிரைவலு எஞ்சின். பழைய 80 ஒக்டேன் விமானப் பெற்றோல் அருகிப்போக, ஈயம் கூடிய 100 எல்.எல். எரிபொருளைத் தாங்கும் 110 குதிரைவலு லைக்கோமிங் எஞ்சினைப் பூட்டி 152 ஆக்கினார்கள். 1985 வரை 7,500-க்கு மேல் கட்டினார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். அதாவது நீங்கள் ஏறப்போகும் 152-க்கு எப்படியும் 40 வயதாவது இருக்கும். இதைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுவது இயல்பு. ஆனால் விமானத்தின் நலத்தை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பதில்லை, பறந்த மணித்தியாலக் கணக்கிலும் பார்ப்பார்கள். 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திறந்து பரிசோதிக்கிறார்கள், குறித்த மணித்தியாலம் முடிந்தால் எஞ்சினையே கழற்றிப் புதுப்பிக்கிறார்கள். ஒழுங்காகப் பராமரித்த பழைய விமானத்தில் ஏற நான் ஒருபோதும் தயங்கமாட்டேன்.

172-இன் கதை இன்னும் பெரிது. 1956-இல் விற்பனைக்கு வந்து, இன்றுவரை 44,000-க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. உலகில் இதைவிட அதிகமாகக் கட்டப்பட்ட விமானம் வேறில்லை. 1986-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் வழக்குச் செலவு சிறிய விமானத் தொழிலையே அமுக்கி வைத்திருந்த காலம் அது. 1994-இல் பழைய விமானங்களுக்கான உற்பத்தியாளர் பொறுப்புக்கு ஒரு சட்டம் காலவரம்பு போட்டது, 1996-இல் 172 திரும்பி வந்தது. அதன் எஞ்சின் எவ்வளவு உழைக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ரொபர்ட் டிம், ஜோன் குக் என்ற இருவர் 1958 டிசம்பர் 4 முதல் 1959 பெப்ரவரி 7 வரை லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஒரு 172-ஐத் தரையிறக்காமலே 64 நாள் பறந்தார்கள். கீழே ஓடும் லொறியில் இருந்து குழாய் மூலம் எரிபொருள் ஏற்றினார்கள்.

வாரியர், 1961-இல் வந்த பைப்பரின் செரோக்கி விமானக் குடும்பத்தின் பிள்ளை. செஸ்னா இரண்டுக்கும் இறக்கை தலைக்கு மேலே, வாரியருக்குக் காலடியில். இந்த வித்தியாசம் சின்னதில்லை. இரத்மலானைக்கு இரண்டும் பழக்கம்தான். 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதன்முதல் இறங்கிய விமானம், சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த புஸ் மொத், மேல் இறக்கைக்காரி. பின்னாளில் விமானப்படை தன் முதல் விமானிகளைப் பழக்கிய சிப்மங்க் கீழ் இறக்கை. விமான நிலையத்தோடு ஒட்டிய விமானப்படை அருங்காட்சியகத்தில் சிப்மங்க்கைக் கிட்ட நின்று பார்க்கலாம். பள்ளியில் சேர முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். விமானத்தின் கைநூலில் இருக்கும் மேலேறும் வேகம் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்டது. இரத்மலானை கடல் மட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் பகலில் 31 பாகை சர்வசாதாரணம். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 120 அடி கூட்டினால் 16 பாகைக்கு 1,900 அடி வருகிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே எஞ்சினும் இறக்கையும் 1,900 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் வேலை செய்யும். ஈரப்பதம் அதை இன்னும் கொஞ்சம் மோசமாக்கும். 152 நிமிடத்துக்கு 715 அடி ஏறும், 172-இன் புதிய வகையான எஸ் 730 அடி ஏறும் என்கின்றன கைநூல்கள். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். இரண்டும் முழு எடையோடு எடுத்த கணக்கு என்பதை மறக்கக்கூடாது. இரண்டு பேர் ஏறினாலே 152 முழு எடையை எட்டிவிடும். அதே இரண்டு பேரோடு 172 இலேசாகத்தான் இருக்கும், விறுவிறு என்று ஏறும். மதிய வெயிலில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் 1,833 மீற்றர் ஓடுபாதை உள்ள இடத்தில் 152 மெதுவாக ஏறுவது ஆபத்தில்லை. வேகத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் விமானம் ஏறாது என்பதை மாணவனுக்கு அதுவே காட்டிக்கொடுக்கும்.

எடைக் கணக்குத்தான் 152-இன் பலவீனம். அதை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானம் 520 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 237. தாங்கிகளை நிரப்பினால் பாவிக்கக்கூடிய பெற்றோல் 93 லீற்றர், அது ஏறக்குறைய 67 கிலோ. ஆளுக்கு 80 கிலோ வீதம் மாணவனும் பயிற்றுநரும் ஏறினால் 160. எல்லாம் சேர்த்து 227, பத்துக் கிலோ மிச்சம். பயிற்றுநர் 95 கிலோ, மாணவன் 85 கிலோ என்றால் பத்துக் கிலோ கூடிவிடும், அப்போது பெற்றோலைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டும். ஆகவே கொஞ்சம் கனமானவர்கள் யோசிக்காமல் 172-க்கே போகலாம். உள்ளே தோளோடு தோள் முட்டும் என்பதும் உண்மை.

172-இன் நாலு இருக்கையையும் அப்படியே நம்பக்கூடாது. எஸ் வகையில் பெற்றோலை நிரப்பிவிட்டால் 80 கிலோ ஆட்கள் மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கும். லைசன்ஸ் எடுத்ததும் அம்மா, அப்பா, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு காலிக்குப் போகலாம் என்று கனவு காண்பவர்கள், எவ்வளவு பெற்றோலோடு போகலாம் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

எஞ்சினிலும் கொழும்புக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. 152, வாரியர், பழைய 172 எல்லாவற்றிலும் பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர். இந்த ஊரில் பனி பிடிக்குமா என்று புது மாணவர்கள் நினைப்பார்கள். பிடிக்கும். காபரேற்றரின் ஒடுங்கிய பகுதியில் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பம் 20, 30 பாகைகூட இறங்கலாம். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. எஞ்சின் வலுவைக் குறைத்துக் கீழிறங்கும்போது, வெளியே 30 பாகை இருந்தாலும் உள்ளே பனி படியும். இறங்கத் தொடங்க முன், சூடான காற்றை உள்ளே விடும் காபரேற்றர் சூட்டுப் பிடியை இழுத்துவிடும் பழக்கம் கைக்கு வந்தே ஆகவேண்டும். 172 எஸ் வகையில் எரிபொருளை நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. பறந்து வந்து இறங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால், சூடான குழாய்களில் பெற்றோல் ஆவியாகி எஞ்சின் முரண்டு பிடிக்கும். சூடான எஞ்சினைக் கிளப்பும் முறையைக் கைநூலில் தனியாகவே எழுதியிருப்பார்கள், அதைப் பாடமாக்கிக்கொள்ள வேண்டும்.

நான் 152-இன் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் அதன் குணம். அது பிழையை மறைக்காது. வலது காலால் சுக்கான் மிதியைச் சரியாக அழுத்தாவிட்டால், சறுக்கலைக் காட்டும் கருவியில் பந்து உடனே ஒரு பக்கம் ஓடும். வேகம் குறைந்து இறக்கை தூக்காமல் விடும் பயிற்சியில் சோம்பலாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து காட்டும். 172 பெருந்தன்மையான விமானம். அதே பிழையை இலேசாக அமிழ்ந்து மன்னித்துவிடும். மன்னிக்கிற விமானத்தில் பழகினால், கால் சோம்பேறியாகிவிடும். புதிய 172-களில் வரும் ஜி1000 திரைகள் இன்னொரு சிக்கல். வேகம், உயரம், வரைபடம், எஞ்சின் எல்லாம் வெளிச்சமாக முன்னால் நிற்கும்போது புது மாணவனின் கண் வெளியே போகாது. இரத்மலானை வட்டத்தில், அதாவது ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதையில், விமானப்படையும் ஹெலிகொப்டர்களும் மற்றப் பயிற்சி விமானங்களும் ஒன்றாகத் திரிகின்றன. கண் அடிவானத்திலும் மற்ற விமானங்களிலும் இருக்க வேண்டும். கருவிகளை ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும். 152-இன் ஆறு வட்டக் கருவிகள் அந்தப் பழக்கத்தைத் தாமாகவே கொடுத்துவிடும்.

காசுக் கணக்கிலும் அதே முடிவுதான். 152 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 23 லீற்றர் குடிக்கும், 172 எஸ் 34 லீற்றர் பக்கம். தனியார் விமானி லைசன்ஸுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும், பெரும்பாலானோருக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். வட்டமடித்து இறங்கி ஏறும் பயிற்சியை எந்த விமானத்தில் செய்தாலும் இறங்குதல் இறங்குதல்தான். அந்த மணித்தியாலங்களை மலிவான விமானத்தில் செய்துவிட்டு, மிச்சக் காசைத் தூரப் பறப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரியரை ஏன் பின்னுக்குத் தள்ளினேன் என்று சொல்லவேண்டும். அதற்கு ஒரே ஒரு கதவு, வலப்பக்க இறக்கைக்கு மேலே. மாணவன் முதலில் ஏறி இடப்பக்கம் நகர வேண்டும், பிறகு பயிற்றுநர். தலைக்கு மேல் இறக்கை இல்லாததால் நிழல் கிடையாது, இடது கையருகில் சின்னதாய் ஒரு சாளரம் மட்டும். ஓடுபாதைக்குப் போகிற வரைக்கும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் காற்று வாங்குவார்கள். அரை மணித்தியாலப் பாடத்துக்கு முன்பே சட்டை நனைந்துவிட்டால் தலையில் என்ன ஏறும்? எரிபொருளையும் இடது தாங்கி, வலது தாங்கி என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். 152-இல் திறப்பது, மூடுவது மட்டும்தான். 172-இல் இரண்டு தாங்கியையும் ஒன்றாகத் திறந்து விடலாம். சுழன்று விழுவதில் இருந்து மீளும் பயிற்சிக்கும் வாரியரில் அனுமதி இல்லை.

அதன் நன்மைகளையும் சொல்லத்தான் வேண்டும். சக்கரங்கள் அகலமாக நிற்பதால் பக்கக்காற்றில் உறுதியாக இறங்கும். சோதனையில் இறங்கிக் காட்டிய உச்சப் பக்கக்காற்று 152-க்கு 12 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), 172-க்கு 15, வாரியருக்கு 17. இரத்மலானை ஓடுபாதை தென்மேற்கு, வடகிழக்காகக் கிடப்பதால் இரண்டு பருவக்காற்றும் பெரும்பாலும் நேராகவே வரும். தொல்லை கொடுப்பது பிற்பகலில் மேற்கே இருந்து வரும் கடற்காற்று. வட்டத்தில் திரும்பும்போது ஓடுபாதை கண்ணில் இருந்து மறையாததும் வாரியரில்தான், செஸ்னாவில் தாழும் இறக்கை அதை மறைத்துவிடும்.

தூரப் பறப்பு என்றால் எங்கள் பிள்ளைகளின் மனசு யாழ்ப்பாணத்துப் பலாலிக்குத்தான் போகும். எயார் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் டகோட்டா விமானத்தை அனுப்பியதும் இரத்மலானையில் இருந்து அந்த வழியாகத்தான் சென்னைக்கு. போர்க்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் வடக்குக்கும் கொழும்புக்குமாய்ப் போய்வந்த வான்வழியும் அதுவே. நேர்கோட்டில் 330 கிலோமீற்றர். 95 நொட்டில் போகும் 152-க்கு, காற்று இல்லாவிட்டால் 1 மணி 53 நிமிடம், பெற்றோல் ஏறக்குறைய 43 லீற்றர். தாங்கியில் இருப்பது 93. போகலாம், ஆனால் பலாலியில் நிரப்பாமல் திரும்ப முடியாது, ஒதுக்கு எரிபொருள் மிஞ்சாது. 115 நொட்டில் 172 எஸ் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும். போய்வர 106 லீற்றர் போதும், தாங்கியில் 200 லீற்றர் வரை கொள்ளும். பாதையில் புத்தளத்துக்கு அப்பால் முகில் தடுத்தால் சுற்றிப் போகவோ திரும்பிவரவோ தாராளமாக இடமிருக்கும். இந்த ஒரு பயணத்துக்காகவே 172-க்கு மாறுவது காசுக்குத் தகும்.

பள்ளியில் பணம் கட்ட முன் மூன்று விஷயம் கேளுங்கள். அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், மேலே நான் போட்ட 520 கிலோ பொதுக் கணக்கு மட்டும்தான். அதே வகையில் எத்தனை விமானம் ஓடுகிறது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று என்றால், அது பரிசோதனைக்குப் போகும் கிழமைகளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டிவரும். காலை ஏழு மணிக்குப் பாடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை பாடத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பலாலிப் பயணத்துக்கு முன்அனுமதி எடுத்து, மேற்கிலும் வடக்கிலும் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் வையுங்கள். அப்போது காற்று வடகிழக்கில் இருந்து வரும், போகும்போது தடுக்கும், வரும்போது தள்ளும். எரிபொருள் கணக்கைப் போகிற வழியை வைத்தே போடுங்கள்.