23,500 ரூபாய் போச்சு: வீல்சேர் ரேம்ப் போட ஆன்லைனில் ஆள் தேடுபவர்கள் கவனத்துக்கு

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆன்லைன் தளங்களில் “வீல்சேருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தருகிறோம்” என்று பார்த்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். போன வாரம் 23,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்துவிட்டுப் போன வேலையில், அப்பாவின் வீல்சேர் வண்டியை ஒருமுறைகூடப் பயமில்லாமல் ஏற்ற முடியவில்லை.

வாசலில் ரேம்ப், அதாவது வண்டி ஏறும் சரிவுப் பாதை, 15,000. கழிவறையில் இரண்டு கைப்பிடி 5,000. குளியலறை வாசல் கட்டையை எடுக்க 3,500. இதுதான் கணக்கு.

அளவெடுக்க வந்தவரை நம்பியதற்குக் காரணம் இருந்தது. வாசலில் இரண்டு படி, ஏழேழு அங்குலம், மொத்தம் 14 என்று குனிந்து டேப் வைத்து அளந்தார். வண்டியின் அகலத்தைச் சக்கரத்துக்கு வெளியே இருக்கும் கைவளையத்தோடு சேர்த்து அளந்தார். பலரும் அதை விட்டுவிடுவார்கள். “ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும் சார், அப்பதான் ஐயா தானே தள்ளிட்டு ஏறலாம்” என்று அவர் வாயாலேயே சொன்னார். 1:12 என்கிற சரியான விதி அது. விஷயம் தெரிந்தவர் என்று அங்கேயே பாதிப் பணம் கட்டியாயிற்று.

அளந்தவர் அப்புறம் வரவேயில்லை. வேறு இருவர் வந்தார்கள். 14 அடி போட வேண்டியதை ஐந்தடியில் முடித்துவிட்டார்கள். கேட்டால், வாசலுக்கு நேரே ஒன்பது அடிதான் இருக்கிறதாம். வாசலில் 5க்கு 5 அடி சமதளம் விட்டு, வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கியிருக்கலாமே! அந்தப் பக்கம் 20 அடி காலியாகக் கிடக்கிறது.

ஐந்தடிக்குள் 14 அங்குலம் ஏறினால் சரிவு 1:4-ஐ நெருங்கிவிடும். ஏற்றும்போது முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் சாயும். இறக்கும்போது கால்பலகை தரையில் இடித்து வண்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். மேலே வழுவழு டைல்ஸ் வேறு. ஈரத்தில் முதலில் வழுக்குவது தள்ளுபவரின் கால். சிமெண்ட் காயுமுன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்து விட்டிருந்தால் செலவும் குறைவு, பிடிப்பும் இருந்திருக்கும். சக்கரம் ஓரத்தில் இறங்காமலிருக்க மூன்று அங்குலத் திட்டுகூட வைக்கவில்லை. கிரில் கேட் வெளிப்பக்கம் திறக்கும். அதைத் திறக்கும்வரை சரிவிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கைப்பிடிதான் பெரிய வயிற்றெரிச்சல். மாட்டியிருப்பது துண்டு போடும் கம்பி. ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் போகவே இல்லை. இழுத்துப் பார்த்ததும் பிளாஸ்டிக் பிளக்கோடு கையில் வந்துவிட்டது. நல்லவேளை, அப்பா பிடிப்பதற்கு முன்னால். ஆள் எடை தாங்க ஒன்றரை அங்குலக் குழாய் வேண்டும், சுவருக்கும் குழாய்க்கும் இரண்டு அங்குல இடைவெளி வேண்டும், செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது இறங்கி இறுகப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் வேண்டும்.

கட்டையை உடைத்தார்கள், உள்ளே தரைச் சரிவைப் பார்க்கவில்லை. குளிக்கும் தண்ணீர் இப்போது படுக்கையறைக்கு வருகிறது.

போகும்போது “வந்துட்டுப் போனதுக்கு ஒரு ஓ.டி.பி. சொல்லுங்க” என்றார்கள். சொன்ன நொடியே வேலை முடிந்ததாகப் பதிவாகி, தளத்தில் கட்டி வைத்திருந்த மீதிப் பணமும் போய்விட்டது. கஸ்டமர் கேரில் முதல் நாள், “48 மணி நேரத்தில் கூப்பிடுவோம்.” மூன்றாம் நாள், “பார்ட்னர்கிட்ட நேரடியா பேசிக்கோங்க.” பார்ட்னர் என்று அவர்கள் சொல்வது வேலை செய்தவரை. அவர் போன் அணைந்து கிடக்கிறது. நேற்று, அடுத்த புக்கிங்குக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 23,500 போனவருக்கு 500!

குறைந்த செலவில் எதை எப்படிச் செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

ரேம்பின் நீளம், அகலம் (நான்கடிக்குக் குறையாமல்), மேற்பூச்சு மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் தராதீர்கள். தண்ணீர் ஊற்றி, காலி வண்டியை ஏற்றி இறக்கிப் பார்க்கும்வரை ஓ.டி.பி. சொல்லாதீர்கள். கைப்பிடியில் முதலில் நீங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். ரப்பரால் டைல்ஸில் ஒட்டும் கைப்பிடி வேண்டவே வேண்டாம். உடைத்துச் சரிசெய்யும் முன் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.