பாரிமுனை நடைப்பயணம் என்று நம்பி 7,200 ரூபாய் விட்டோம், நீங்களாவது உஷாராக இருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது, இன்று செவ்வாய், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனை இருக்கும் சென்னை ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதற்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் ராத்திரி ரயிலில் ஏறி வந்து, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பரும் கணக்கு நோட்டும் வாங்கி, லாரியில் பார்சல் போட்டுவிட்டு அன்று ராத்திரியே ஊருக்குக் கிளம்பிவிடுவாராம். "அத்தனை தடவை வந்திருக்கேன், ஹைகோர்ட்டை ஒரு தடவை நின்னு பார்த்ததில்லைடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும்.

சுற்றுலா 'அனுபவங்கள்' விற்கும் ஒரு ஆப், பெயர் வேண்டாம். பாரிமுனை பாரம்பரிய நடை, மூன்று மணி நேரம், காலை டிபனோடு ஒருவருக்கு 1,800. நாங்கள் இருவர், அவர்கள் இருவர், ஆக 7,200 ரூபாய். இன்னும் 2 இடம்தான் பாக்கி என்று சிவப்பு எழுத்தில் மினுக்கியது. (இரண்டு இடம்தான் பாக்கி என்றால் நாலு பேருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.) ஆப்பில் 20 சதவீதம், அதாவது 1,440 கட்டினேன். அஞ்சே நிமிஷத்தில் வழிகாட்டி என்று ஒருவர் கூப்பிட்டார்.

நான் விழுந்தது இந்த போன் காலில்தான். ஆள் பேசப் பேச நமக்கே ஆசையாக இருக்கிறது. ஹைகோர்ட்டின் உயரமான கோபுரம் 1894இலிருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்கமாக இருந்தது, அதற்கும் முந்தைய கல்தூண் விளக்கு இன்னும் அதே வளாகத்தில் நிற்கிறது என்றார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் கடலில் நின்று குண்டு போட்டது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். "கில்லாடியான ஆளை எம்டன்னு சொல்றோம்ல சார், அந்தக் கப்பல் பேருதான்." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எம்டன் யார் என்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் சொன்னார், "பெரியம்மாவுக்கு முட்டி வலின்னா கவலைப்படாதீங்க சார், நடுவுல உட்கார நாலு இடம் பார்த்து வச்சிருக்கேன்." என் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், தங்கமான மனுஷன் என்று. ஆண்டர்சன் தெரு வியாபாரிகளிடம் பெரியப்பா கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டேன். "தாராளமா. எல்லாரும் நமக்குப் பழக்கம், உட்கார வச்சுப் பேச வைக்கிறேன். மீதி 5,760ஐ மட்டும் என் நம்பருக்கு யூபிஐல போட்டுடுங்க, டிபனுக்கு இப்பவே சொல்லணும்."

போட்டேன். கை நடுங்காமல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன் தெருவில் மொத்த வியாபாரக் கடை எவன் திறப்பான்? ஞாயிற்றுக்கிழமை ஹைகோர்ட் வளாகத்துக்குள் எப்படிக் கூட்டிப் போவான்? பதினொரு வருஷமாகச் சென்னையில் இருக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. அந்தத் தெருவிலேயே சரக்கு எடுத்த பெரியப்பாவுக்கும் ரயிலில் வரும்போதுதான் உறைத்தது, நான் சங்கடப்படுவேன் என்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

தாம்பரத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் வாசலில் நின்றோம். போனில் அவர் சொன்ன இடம் அதுதான். 7.10க்குக் கூப்பிட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. 7.20க்கு ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். பெரியம்மா ஒரு கடைப் படிக்கட்டில் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிட்டார். நாலு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்றானே, அதில் இதுவும் ஒன்றோ என்னவோ. எட்டு மணிக்கு ஆப்பிலிருந்து செய்தி வருகிறது: வழிகாட்டி 15 நிமிடம் காத்திருந்தார், நீங்கள் வரவில்லை, ஆகவே பணம் திரும்பக் கிடைக்காது.

டேர் ஹவுஸ் பின்னால் தெரிய நாலு பேரும் நிற்கும் போட்டோவை நேரத்தோடு அனுப்பினேன். சந்திக்க வேண்டிய இடத்தில் எடுத்த படமாகத் தெரியவில்லை என்று பதில். சரி, சந்திக்க வேண்டிய இடம் எது என்று ரசீதில் இருந்த மேப்பைத் திறந்தால் புள்ளி துறைமுகத்துக்குள்ளே இருக்கிறது! பாஸ் இல்லாமல் யாரும் நுழைய முடியாத இடம். முட்டி வலிக்காரப் பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு துறைமுகச் சுவர் ஏறிக் குதித்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. அது ஆளா மெஷினா என்று இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆப்காரர்களைப் போனில் பிடித்தேன். முதலில் எடுத்த பெண்மணி 5,760 எங்கள் ஆப் வழியாக வரவில்லை, அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம் என்றார். அவர் என் நம்பரை எங்கிருந்து எடுத்தார், நீங்கள் கொடுத்துத்தானே என்றால் மேலதிகாரி 24 மணி நேரத்தில் கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. இன்று காலை இன்னொரு ஆள், ரொம்பத் தாராளமாக, 1,440 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறேன், 90 நாளுக்குள் வேறொரு நடைப்பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார். 7,200 ரூபாய் போனவனுக்கு இன்னொரு நடை!

அன்று அப்படியே திரும்பாமல் நாங்களாகவே நடந்தோம், அதையும் சொல்ல வேண்டும். ஹைகோர்ட் மதிலில் எம்டன் குண்டு விழுந்ததற்கான கல்வெட்டைப் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், 1677இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்வார்களே, அங்கே பெரியம்மா நிம்மதியாக அரை மணி நேரம் உட்கார்ந்தார். ஆண்டர்சன் தெருவில் ஷட்டர் ஷட்டராகப் பார்த்து இதுதான், இல்லை அடுத்தது என்று பெரியப்பா தேடி, கடைசியில் ஒரு பூட்டின மாடிப்படியைக் காட்டி, இங்கேதான் கடன் கேட்டு நிற்பேன் என்றார். ரயில், டிபன், காபி எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு ஐந்நூறு தாண்டவில்லை. தெருவைப் பார்க்க யாருக்கு எதற்கு 7,200?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஆப்பில் பதிவு செய்தால் மீதியைத் தனி நம்பருக்குப் போடாதீர்கள், கட்டினால் முழுசும் ஆப்பில், இல்லையென்றால் ஆளை நேரில் பார்த்த பிறகு. பணம் கட்டும் முன்னால் மேப்பில் அந்தப் புள்ளியைப் பெரிசு பண்ணிப் பாருங்கள். கடைத்தெரு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், நான் ஆப்காரனோடு மல்லுக்கட்டி ஒன்றரை நாளைக் கழித்துவிட்டுத்தான் அடித்தேன், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. ஆப் மேல் புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் புகார் கொடுத்து எண் வாங்கி வைத்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் வந்து எழுதுகிறேன்.

இதை எழுதும்போது அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே நடை, அதே 1,800, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் 2 இடம்தான் பாக்கியாம்.