மதுரையில் ‘பெரிய த்ராட்டில் பாடி’ மாட்ட நினைப்பவர்கள் கவனத்திற்கு

மதுரையில் கார் என்ஜினை மாற்றியமைத்து ஓட்டும் நண்பர்களே, “பெரிய த்ராட்டில் பாடி போட்டால் பவர் கூடும்” என்று எந்தப் பட்டறையிலாவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் ஓர் அளவைக் கேட்டு வாங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, என்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதே அந்த அளவு. த்ராட்டில் பாடி என்பது பெடலுக்கு ஏற்பத் திறந்து மூடி, என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு; இன்டேக் மேனிஃபோல்டு, அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி. பைபாஸ் சாலைப் பக்கமுள்ள ஒரு பட்டறை, இதை அளந்து பார்க்காமலேயே என்னிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் காருக்குத் தேவையில்லாத ஒன்றைப் பொருத்தி அனுப்பியது.

என்னுடையது 1300 சிசி, நான்கு சிலிண்டர், கேபிளில் இயங்கும் த்ராட்டில் கொண்ட பழைய பெட்ரோல் கார். கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெடரும் (புகை வெளியேறும் குழாய்கள்) ஏற்கெனவே வேறிடத்தில் மாற்றப்பட்டு, என்ஜின் 7000 ஆர்பிஎம் வரை தயங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு எந்த அளவு த்ராட்டில் பாடி பொருந்தும் என்று கேட்கத்தான் அங்கே போனேன். உரிமையாளர் பானெட்டைத் திறந்து பார்த்தவுடனேயே, “அண்ணே, காத்து எவ்வளவு உள்ள போகுதோ அவ்வளவுதான் பவரு. இதுல 46 இருக்கு, 60 போட்டுருவோம்” என்றார். 12 குதிரைத்திறன் கூடியதாகக் காட்டும் டைனோ (என்ஜின் பவரை அளக்கும் கருவி) வரைபடம் ஒன்றையும் எடுத்து நீட்டினார். அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாள் டர்போ பொருத்திய வேறொரு காருடையது என்பது, ஓரத்தில் அச்சாகியிருந்த பூஸ்ட் அளவைப் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் அளவு) பின்னர் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரியவந்தது.

46 மி.மீ. விட்டம் 60 ஆகும்போது, பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், திறப்பு ஏறத்தாழ 70 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ஏமாற்று வேலை நடப்பது இந்த இடத்தில்தான். பெடலைச் சற்றே மிதித்தாலும் முன்பைவிட மிகுதியான காற்று உள்ளே போவதால், சோதனை ஓட்டத்தில் வண்டி பாய்கிறது. “பிக்கப் வந்துருச்சு பாத்தீங்களா?” என்று பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் கேட்கிறார். முன்பு பாதிப் பெடலில் கிடைத்த இழுவை இப்போது கால் பெடலிலேயே கிடைக்கிறது, அவ்வளவுதான். முழுவதும் மிதித்தால் வருவது பழைய பவரேதான்.

அந்தப் பாய்ச்சலுக்கு விலையும் உண்டு. கோரிப்பாளையம் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போகவே முடியவில்லை. தொட்டால் குதித்தது, காலை எடுத்தால் தலை முன்னே போய் வந்தது. ஐடிலிங் 1400-க்குக் கீழே இறங்கவில்லை. பட்டறையில் கேட்டபோது, “ஓட ஓட செட்டாயிரும்” என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

கோ.புதூர் சிட்கோவில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கழற்றிப் பார்த்த பிறகுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. புதியது என்று விற்கப்பட்ட அந்த த்ராட்டில் பாடி, எண்ணை ராவி அழித்து மெருகேற்றிய பழைய பொருள். காற்றைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் பட்டர்ஃபிளை தண்டு தேய்ந்து, கையால் அசைத்தாலே ஆடியது. அந்த இடைவெளி வழியாகவும், கையால் வெட்டிய கேஸ்கெட்டின் ஓரம் வழியாகவும் காற்று கசிந்துகொண்டிருந்தது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார், பெடலைத் தொடாதபோது பெரும்பாலான கார்களில் அரை வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்ததால், வண்டி ஐடிலிங்கில் நிற்கிறது என்பதையே ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அறியவில்லை. எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டியது மேனிஃபோல்டின் வாய்தான். அது 46 மி.மீ. அளவிலேயே விடப்பட்டிருந்தது. 60 மி.மீ. வழியாக வந்த காற்று ஒரு படிக்கட்டில் முட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

பழைய த்ராட்டில் பாடியையே திரும்பப் பொருத்தி, ஸ்கேனரில், மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் பார்த்தோம். சாவியை மட்டும் திருப்பி என்ஜினை ஓட விடாமல் பார்த்தபோது 99 கிலோபாஸ்கல். அதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். முழுப் பெடலில் 7000 ஆர்பிஎம்மை நெருங்கும்போது 97. ஏர் ஃபில்டரும் அதன் குழாயும் விழுங்குவதைச் சேர்த்தே இழப்பு 2 கிலோபாஸ்கல்தான் என்றால், எத்தனை பெரிய த்ராட்டில் பாடியை மாட்டினாலும் கிடைக்கக்கூடியது நூற்றுக்கு இரண்டு பங்கு பவர், அதுவும் உச்ச வேகத்தில் மட்டும். கணக்கும் இதையே சொல்கிறது. 1300 சிசி என்ஜின் 7000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு ஏறத்தாழ 70 லிட்டர் காற்றை இழுக்கிறது. அது 46 மி.மீ. வாயில் வினாடிக்குச் சுமார் 40 மீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் பெரிய தடை எதுவும் எழுவதில்லை. வித்தியாசம் 5 கிலோபாஸ்கலையோ அதற்கு மேலேயோ தொட்டால் பெரிய அளவைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மேனிஃபோல்டின் வாயைக் குடைந்து பொருத்திய பிறகே அது பயன்படும்.

இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, “ரேஸ் வண்டியில நாலு த்ராட்டில் இருக்கே, அதெல்லாம் தப்பா?” என்று உரிமையாளர் மடக்கினார். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்த வாதம் பலரையும் வாயடைக்க வைக்கும் என்பதால் விளக்கிவிடுகிறேன். நான்கு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே காற்றை இழுக்கின்றன; பொதுவான ஒரே த்ராட்டில் அந்த நான்கிற்கும் முறைவைத்து வேலை செய்கிறது. தனித்தனி த்ராட்டில்களோ தமக்குரிய சிலிண்டர் இழுக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்து, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கின்றன. ஆகவே நான்கின் பரப்பையும் கூட்டி ஒன்றோடு ஒப்பிடுவது பொருந்தாது.

கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டைத்தான் அவர் ரசீதாகத் தந்தார், ஆனால் பணம் யுபிஐ வழியாகப் போனதால் ஆதாரம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகார் நிலுவையில் இருப்பதால்தான் பட்டறையின் பெயரை எழுதவில்லை. இப்போது பாதிப் பணத்தைத் தருவதாகவும், எண் அழித்த அந்த த்ராட்டில் பாடியை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் தகவல் வந்திருக்கிறது. முழுத்தொகையும் வரும்வரை அது என் வீட்டில்தான் இருக்கும்.