ஹாலிவுட் தணிக்கை வகுப்பு: கோவைக்காரர்கள் தாராளமாகப் போகலாம்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அரங்கில் சனிக்கிழமை மாலை நடக்கும் சினிமா வகுப்பு இது. கட்டணம் 200 ரூபாய், கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது. ஹாலிவுட்டில் எதையும் காட்டலாம் என்று நினைப்பவர்கள் அவசியம் போக வேண்டும். சினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1915இல் சொல்லியிருக்கிறது; அரசு கை வைப்பதற்குள் நாமே கட்டுப்பாடு போட்டுக்கொள்வோம் என்று ஸ்டுடியோக்காரர்கள் 1930இல் படத்தில் எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் ஹேஸ் விதிகளை ஏற்றார்கள், ஆனால் 1934இல் அவற்றை அமல்படுத்தும் பொறுப்புக்கு ஜோசப் பிரீன் வந்த பிறகுதான் கெடுபிடி ஆரம்பித்தது.

வகுப்பு எடுக்கும் அண்ணன், ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) முத்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார். நீண்ட முத்தம் கூடாது என்பதால் இருவரும் உதட்டைப் பிரிக்கிறார்கள், கோழி சமைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், போனை எடுக்கிறார்கள், மறுபடி முத்தம். என்ன ஒரு நெருக்கம்! அதற்காக விதியைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை, வெள்ளையர் கறுப்பினர் காதலையே திரையில் தடுத்த விதி அது.

குறை உண்டு. 1915 தீர்ப்பை 1952இல் அதே நீதிமன்றம் மாற்றியது, 1968இல் விதிகளுக்குப் பதில் எந்த வயதினருக்கு ஏற்ற படம் என்று சொல்லும் தரச்சான்று முறை வந்தது, இரண்டையும் அவசர அவசரமாக முடித்துவிட்டார். 1970இல் நம் உச்ச நீதிமன்றம் இயக்குநர் கே.ஏ.அப்பாஸ் வழக்கில் தணிக்கை செல்லும் என்று சொன்னதைத் தொடவே இல்லை. அடுத்த முறை அதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கண்ணா. அப்புறம் அந்த இடதுபக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது, மாற்றிவிடுங்க. எட்டரைக்கு முடிகிறது, திருப்பூர், ஈரோடு போகிறவர்கள் காந்திபுரத்தில் பஸ் பிடித்துவிடலாம்.