ஜப்லாவில் தொடங்கிய தையல்: குழந்தை உடைகளோடு சில ஆண்டுகள்

தையல் வகுப்புகளில் குழந்தை உடைக்குக் கொடுக்கப்படும் இடம் எனக்கு வருத்தம் தருகிறது. முதலில் ஜப்லா என்னும் கைக்குழந்தைச் சட்டை, பிறகு நிக்கர், பேபி ஃபிராக். கை சற்றுப் பழகியதும் சுடிதாருக்கும் பிளவுஸுக்கும் தாவிவிடுவார்கள். மதுரையில் நான் சேர்ந்த வகுப்பிலும் இதே வரிசைதான். பிளவுஸ் தைத்தால்தான் கையில் காசு வரும் என்பது நியாயமான காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் கற்க வந்தது அப்போது கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்காக. அதனால் மற்றவர்கள் பிளவுஸுக்குப் போனபோது நான் ஃபிராக்கிலேயே நின்றுவிட்டேன். அவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இத்தனை காலம் தைத்த பிறகு எனக்குத் துளியும் சந்தேகமில்லை: ஒருவர் தனியாக, ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டிய அளவுக்குக் குழந்தை உடையில் விஷயம் இருக்கிறது.

எல்லாம் உடலின் அளவிலிருந்தே தொடங்குகிறது. பெரியவர்களுக்குத் தலை, உடல் உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. ஒரு வயதை ஒட்டித் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாக, 18 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வகுப்பில் சொல்லித்தரும் கணக்குப்படி, கழுத்து அகலம் மார்புச் சுற்றில் 12-ல் ஒரு பங்கு, அதோடு கால் அங்குலம். 18 அங்குல மார்புக்கு அது ஒருபக்கம் ஒன்றேமுக்கால் அங்குலம். இந்தக் கழுத்தை வரைந்து நாடாவை வளைத்து அளந்தால் முழுச் சுற்றும் 10, 11 அங்குலம்தான் வரும். அதற்குள் 18 அங்குலத் தலை எப்படி நுழையும்? ஜப்லாவின் முதுகுப்பக்கம் ஏன் முழுவதும் திறந்திருக்கிறது, ஃபிராக்குக்கு ஏன் பின்னால் திறந்து மூடும் பட்டி வைக்கிறோம் என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது. கழுத்தை வெட்டும் முன் மார்பை மட்டுமல்ல, தலையையும் அளந்துவிடுங்கள்.

பின்பக்கம் திறப்பு வைத்தால் எதைக் கொண்டு மூடுவது என்பது அடுத்த கேள்வி. கழுத்தருகே நீளமான நாடாக்கள் வைப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரவிதி, 7 வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் உருவிக் கட்டும் கயிறு கூடாது என்கிறது. விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதே காரணம். மூன்று வயது வரை அலங்காரப் பொத்தான்களும் வேண்டாம். பிய்த்து வாயில் போடுவார்கள். அழுத்தி மூடும் சிறிய டிச் பட்டன் போதும், ஆனால் துணிக்கு அடியில் ஒட்டுத்துணி கொடுத்துத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் இழுக்கிற இழுப்பில் மெல்லிய காட்டன் துளையாகிவிடும்.

நம் வீட்டுப் பாட்டிமார் கையாண்ட வடிவங்களில் எவ்வளவு யோசனை இருந்தது என்பதைத் தைக்கத் தைக்கத்தான் தெரிந்துகொண்டேன். சிறுமியரின் பாவாடைக்கு மேலே பாடி, அதாவது கையில்லாத மேல்சட்டைப் பகுதி, வைத்துத் தைப்பார்கள் அல்லவா? சின்னக் குழந்தைக்கு இடுப்பு என்று ஒடுங்கிய இடமே கிடையாது. வயிறுதான் முன்னே நிற்கும். இடுப்பில் கட்டிய பாவாடை நழுவும், நாடாவை இறுக்கினால் சிவந்து தடிக்கும். பாடி வைத்துவிட்டால் பாரம் முழுவதும் தோளுக்குப் போய்விடுகிறது. பாவாடையின் கீழ்ப்பகுதியில் துணியை மடித்துத் தைக்கும் டக்கும் அப்படித்தான். முதல் ஆண்டில் குழந்தை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயர்கிறது, இரண்டாம் ஆண்டில் அதில் பாதி. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். மார்புச் சுற்று அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஆகவே ‘வளரும் பிள்ளை’ என்று எல்லாப் பக்கமும் தொளதொளவென்று தைப்பதில் பயனில்லை. நீளத்தில்தான் சேமிப்பு வேண்டும். ஓர் அங்குல டக் ஒன்றைப் பிரித்தால் பாவாடை இரண்டு அங்குலம் இறங்கும். இரண்டு டக் பிடித்த பருத்திப் பாவாடை ஒன்றை என் மகள் மூன்று தீபாவளிக்கு உடுத்தினாள். கடையில் வாங்கிய எந்த உடையும் அவ்வளவு காலம் அவளுக்குப் பொருந்தவில்லை.

உடையின் உட்புறத்தைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். நெட் துணியில், இடுப்புத் தையல் பிசிறோடு தோலில் உரச, மூன்று மணி நேரத் திருமணத்தில் குழந்தை அழுதுகொண்டே இருப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. அது அடம் அல்ல, அரிப்பு. மெல்லிய காட்டனுக்கும் மல் துணிக்கும் ஃபிரெஞ்சு சீம் போடுகிறேன். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல், ஓரத்தை வெட்டிச் சீராக்கி, திருப்பி மறு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். கைக்குழியில் இது தடிமன் தட்டும் என்பதால் அங்கே குறுக்கு வெட்டில் எடுத்த பட்டியை மடித்து அடிக்கிறேன். லைனிங் கொடுத்தால் அதன் தையல் ஓரம் மேல்துணியைப் பார்த்தபடி இருக்க வேண்டும், தோலைப் பார்த்து அல்ல.

இயந்திரத்துக்கு வருகிறேன். பெரும்பாலான நாட்கள் நான் தைத்தது கால்மிதி வைத்த பழைய இரும்பு இயந்திரத்தில். நேர்த்தையல் மட்டும்தான் வரும். எண்ணெய் விட்டு, பாபின் பெட்டியில் சேரும் பஞ்சைத் துடைத்து, தளர்ந்த பெல்ட்டை வெட்டி இணைத்தால் தடங்கலில்லாமல் ஓடுகிறது. மெதுவாக மிதிக்க முடிவது குழந்தை உடைக்குப் பெரிய வசதி. வட்ட முனையுள்ள பீட்டர்பான் காலரின் வளைவில் ஒவ்வொரு தையலாக நகர்த்தலாம். மெல்லிய துணிக்கு 11-ம் எண் ஊசி, பாப்ளினுக்கு 14. பின்னர் ஜிக்ஜாக் வசதியுள்ள மின் இயந்திரம் ஒன்று வாங்கினேன். காஜா (பொத்தான் துளை) எடுக்கக் கடைக்கு அலைவது நின்றது, பிசிறும் வீட்டிலேயே அடங்குகிறது. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படும் கழற்றும் மேடை, அதாவது மேடையை நீக்கி எஞ்சும் குறுகிய பகுதியில் சட்டைக் கையை மாட்டித் தைக்கும் வசதி, கைக்குழந்தையின் சட்டைக் கைக்கு உதவாது. அந்தச் சிறு கை, மேடை நீங்கிய பகுதியிலும் நுழைவதில்லை. பக்கத் தையல் போடுவதற்கு முன்பே கையின் ஓரத்தை விரித்த நிலையில் மடித்துத் தைத்துவிடுவதுதான் வழி. பெரியவர் உடையில் கடைசியாகச் செய்வதை இங்கே முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

துணியில் என் விருப்பம் சுங்குடி. ஒரு சேலை வாங்கினால் சில ஃபிராக்குகளும் ஒரு பாவாடையும் கிடைக்கும், மதுரை வெயிலுக்கும் ஏற்றது. வண்ணம் விடக்கூடியது என்பதால் தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்திரியை எடுப்பேன். எந்தப் பருத்தியானாலும் வெட்டும் முன் நனைத்துச் சுருங்கவிடுவது கட்டாயம். குடைவெட்டுப் பாவாடை குழந்தைக்குத்தான் எவ்வளவு எளிது! இடுப்பு 20 அங்குலம், நீளம் 12 என்றால் நடுவட்டத்தின் ஆரம் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, முழு வட்டத்தின் குறுக்களவு 31 அங்குலத்துக்குள். 36 அங்குல அகலத் துணியில் இணைப்பே இல்லாமல் ஒரே வட்டமாக வெட்டிவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு சுற்றாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாடி வைத்த காட்டன் பாவாடையை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். அளவு, சுருக்கம், டக், உள்முடிப்பு எல்லாம் அந்த ஒன்றிலேயே வந்துவிடும். இயந்திரத்துக்குக் கையில் பணம் குறைவென்றால் பழைய நேர்த்தையல் இயந்திரமே போதும். பனியன் துணி தைக்கும் ஆசை இருந்தால் மட்டும் ஜிக்ஜாக் அவசியம். நேர்த்தையல் அந்தத் துணியோடு இழுபடாமல் அறுந்துபோகும்.

நானும் இப்போது பனியன் துணியில்தான் இறங்கியிருக்கிறேன். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் வெட்டுத்துணி, முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி, கழுத்துக்கு இழுபடும் ரிப் துணிப் பட்டி. பட்டியைக் கழுத்துச் சுற்றில் ஏறத்தாழ 85 சதவீத நீளத்துக்கு வெட்டி, நான்கு இடங்களில் ஊசி குத்திச் சமமாக இழுத்துத் தைத்தால் தட்டையாகப் படிகிறது. திறப்பும் பட்டனும் இல்லாமலேயே தலை நுழைகிறது. தோளிணைப்பு இன்னும் சற்று அலையடிக்கிறது. அங்கே மெல்லிய நாடா வைத்துத் தைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.