சோல் ப்ராப், பார்ட்னர்ஷிப், எல்எல்பி, பிரைவேட் லிமிடெட்: சிங்கப்பூரில் சிறு தொழிலுக்கு எது?

தேக்காவில் சின்னதாக ஒரு கடை போட நினைக்கும் தம்பியாகட்டும், உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தபடியே இடியாப்பமும் சொதியும் செய்து விற்கும் அக்காவாகட்டும், தொழிலைப் பதியலாம் என்று முடிவானதும் கேட்கிற முதல் கேள்வி செலவைப் பற்றித்தான். சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் சோல் ப்ராப்ரைட்டராக, அதாவது தனி உரிமையாளராகப் பதிய ஓராண்டுக்கு 115 வெள்ளி, மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் 175 வெள்ளி. எல்எல்பிக்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டுத்தொழில்) 115 வெள்ளி, பிரைவேட் லிமிடெட்டுக்கு 315 வெள்ளி. எல்லாமே அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற மின் அடையாளத்தை வைத்து முடிகிற வேலை. பெரிய வித்தியாசம் என்று பார்த்தால் 200 வெள்ளி. இந்த 200 வெள்ளியைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுப் பல வருடம் கழித்து அல்லாடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: தொழிலில் கடன் நின்றால் அது யார் தலையில் விழும்? உங்களைக் கேட்காமல் இன்னொருவர் போடும் கையெழுத்து உங்களைக் கட்டிப்போடுமா?

சோல் ப்ராப்பில் நீங்களும் உங்கள் தொழிலும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள்தான். கடைக்குப் பெயர் என்னவாக இருந்தாலும் வழக்கு வந்தால் உங்கள்மேல்தான் வரும், சப்ளையருக்குப் பாக்கி என்றால் அது உங்கள் சொந்தப் பாக்கி. 15,000 வெள்ளி கடன் நின்றாலே கொடுத்தவர் உங்களைத் திவாலானவராக அறிவிக்கக் கேட்டு நீதிமன்றம் போகலாம். ஆனால் இதைச் சொல்லும்போதே "அப்போ வீடும் போய்விடுமா?" என்று பயந்துவிடுகிறார்கள். உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கும் வீவக வீடு, நீங்கள் திவாலானாலும் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சொத்தில் சேராது. மசேநி (மத்திய சேமநிதி) கணக்கில் இருக்கும் பணமும் அப்படித்தான். வங்கிச் சேமிப்பு, கார், நகை, கொண்டோ வீடு இதெல்லாம் சேரும். ஆக, வீவக வீட்டில் இருந்துகொண்டு, பெரிய கடன் வாங்காமல், கையில் வந்த ஆர்டருக்கு மட்டும் சாமான் வாங்கிச் சமைக்கிற அக்காவுக்கு சோல் ப்ராப் போதும் என்றுதான் நான் சொல்வேன். அவர் கவனிக்க வேண்டியது வீவகவின் வீட்டுத் தொழில் விதிகளை. வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்யலாம், வெளி ஆளை வைக்கக் கூடாது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பெயரைப் பதியவே வேண்டியதில்லை. தனியாக டியூஷன் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் நடத்துகிறார்கள். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்பு) கட்டுவது கட்டாயம், அதில் பாக்கி வைத்தால் தொழில் பதிவைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும்.

அடுத்து பார்ட்னர்ஷிப். நான்கில் இதை மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன்.

ஈசூனில் இரண்டு நண்பர்கள் மினிமார்ட் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 40,000 வெள்ளி போடுகிறார், மற்றவர் 10,000 போட்டுவிட்டு "நான் கடையில் நின்று பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், அதனால் தாளில் எதையும் எழுதவில்லை. இங்கே பார்ட்னர்ஷிப்புக்கு இன்றும் நடப்பில் இருப்பது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம். நீங்கள் எழுதிக்கொள்ளாத இடத்தையெல்லாம் அது தன் விதியால் நிரப்பிக்கொள்ளும். லாபம் சரிபாதி, நட்டமும் சரிபாதி, யார் எவ்வளவு போட்டார்கள் என்று அது பார்க்காது. நாள் முழுக்கக் கடையில் நின்றவருக்குத் தனிச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. ஒரு கூட்டாளி வழக்கமான வியாபாரத்துக்காகச் சரக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டால் மற்றவரும் அதற்குப் பொறுப்பு. ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும். கால வரம்பு பேசிக்கொள்ளவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்துக் கலைத்துவிடலாம். விலகிப் போனவரையும் அவர் இருந்த காலத்துக் கடன் விடாது. இது எல்லாவற்றையும் ஒப்பந்தம் எழுதி மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த ஒப்பந்தம் கூட்டாளிகள் இருவருக்கு நடுவில்தான் செல்லும், வெளியில் கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. அவர் வசதியுள்ள கூட்டாளி யாரோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். நண்பர் நல்லவர்தான், நம்பிக்கையானவர்தான், ஆனால் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ வேறு இடத்தில் கடனில் சிக்கினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்துதான் தொழில் என்றால் எல்எல்பி இருக்கிறது. 2005இல் சட்டமாக வந்தது. இது தனிச் சட்ட உரு, அதன் பெயரிலேயே சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். உங்கள் கூட்டாளி செய்த தவற்றுக்கு உங்கள் சொந்தப் பணம் போகாது. நீங்களே செய்த தவற்றுக்கு நீங்கள் பொறுப்புத்தான், அதில் மறைப்பே கிடையாது. வரியை அவரவர் பங்குக்கு அவரவர் தனிநபர் வரியில் கட்டுவீர்கள். ஆண்டுக்கொரு முறை, கடனைக் கட்டும் நிலையில் எல்எல்பி இருக்கிறதா இல்லையா என்று மேலாளர் அக்ராவுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தணிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் எதுவும் இல்லை. உள்வடிவமைப்பு, கணக்கு எழுதுவது, ஆலோசனை என்று தங்கள் கைத்திறனை வைத்துச் சம்பாதிக்கும் இருவருக்கு இது நன்றாகவே ஒத்துப்போகும். குறை என்னவென்றால் இதில் பங்கு என்று விற்க ஒன்றும் கிடையாது. நாளைக்கு ஒருவர் முதல் போட வருகிறார் என்றால் அவரையும் கூட்டாளியாக்க வேண்டும். லிமிடெட் பார்ட்னர்ஷிப் என்று இன்னொன்றும் உண்டு, அதில் ஒருவராவது முழுக் கடனுக்கும் பொறுப்பேற்க வேண்டும். சிறு தொழிலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

பிரைவேட் லிமிடெட்டுக்கு வருவோம். 1896இல் லண்டனில் சாலமன் என்ற தோல் காலணி வியாபாரியின் வழக்கில் கொடுத்த தீர்ப்பிலிருந்து, கம்பெனி வேறு, அதை வைத்திருப்பவர் வேறு என்பது உறுதியாக நிற்கிறது. ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம், மூலதனம் 1 வெள்ளி போதும். கடனுக்குப் பங்குப் பணத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. காகிதத்தில் அப்படித்தான். நடப்பில் இந்தப் பாதுகாப்பைப் பலர் கடை வாடகை ஒப்பந்தத்திலேயே கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிராங்கூன் ரோடு பக்கம் கடைவீடு ஒன்றுக்கு ஒப்பந்தம் போடுகிறீர்கள். வாடகைதாரர் என்ற இடத்தில் கம்பெனி பெயர் இருக்கும், அதைப் பார்த்து நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவீர்கள். உள்ளே எங்கோ ஒரு பிரிவில், அல்லது பின்னால் தனித்தாளாக, கம்பெனி வாடகை தரத் தவறினால் இயக்குநர் தன் சொந்தப் பொறுப்பில் முழுத்தொகையையும் தருவார் என்று இருக்கும், அதற்குக் கீழேயும் உங்கள் பெயரைப் போட்டு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டால் அந்த வாடகையைப் பொறுத்தவரை நீங்கள் சோல் ப்ராப் மாதிரிதான். மூன்றாண்டுக் குத்தகையில் ஓராண்டில் கடையை மூடினால் மீதி இரண்டாண்டு வாடகைக்கும் உங்களைத் தேடி வருவார்கள். சிறு தொழில் கடனுக்கு வங்கிகளும் இதையே கேட்கும். தவிர்க்க முடியாத இடம் உண்டு, தெரியும். ஆனாலும் பேசிப் பாருங்கள். உத்தரவாதத்தைச் சில மாத வாடகைக்கு மட்டும் என்று வரம்பு கட்டச் சொல்லலாம், அதற்குப் பதிலாக வைப்புத்தொகையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்று கேட்கலாம். கேட்டால் இறங்கி வருகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், கேட்காமலேயே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அதேபோல, கம்பெனி பதிவாவதற்கு முன்பே அதன் பெயரில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிறந்த பிறகு கம்பெனி அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ளும்வரை கையெழுத்துப் போட்டவரே அதற்குப் பொறுப்பு.

கம்பெனியின் தொந்தரவு அதன் நாட்காட்டிதான். ஆறு மாதத்துக்குள் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரே இயக்குநர்தான் என்றால் அவரே செயலாளராக இருக்க முடியாது, அதனால் வெளியில் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் உத்தேச வரிக் கணக்கு (ஆண்டு வருவாய் 5 மில்லியன் வெள்ளிக்குள் இருந்து, வரிக்குரிய வருமானமும் இல்லையென்றால் விலக்கு உண்டு), ஏழு மாதத்துக்குள் அக்ராவுக்கு ஆண்டு அறிக்கை, அதற்கு 60 வெள்ளி, அப்புறம் நவம்பர் 30க்குள் வருமான வரிப் படிவம். ஆண்டு அறிக்கை பிந்தினால் 300 வெள்ளி, மூன்று மாதத்துக்கு மேல் போனால் 600 வெள்ளி அபராதம். வருமானம் 10 மில்லியன் வெள்ளி, சொத்து 10 மில்லியன் வெள்ளி, ஊழியர் 50 பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் அடங்கும் சிறு கம்பெனிக்குத் தணிக்கை வேண்டியதில்லை, அது ஒரு ஆறுதல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதால், ஊரிலிருந்து உறவுக்காரர் ஒருவர் "மாப்ள, பேருக்கு ஒரு டைரக்டரா இரு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். பெயருக்கு இயக்குநர் என்றாலும் சட்டத்தில் பொறுப்பு குறையாது. கணக்குத் தாக்கல் ஆகவில்லையென்றாலும், அந்தக் கம்பெனிக் கணக்கில் தப்பான பணம் வந்து போனாலும் கூப்பிடுவது உங்களைத்தான். கம்பெனியின் வங்கிக் கணக்கை நீங்கள் பார்க்க முடியாதென்றால் அந்தப் பதவி வேண்டாம், மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

வரி விஷயத்தில் "கம்பெனி போட்டால் வரி குறையும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் எப்போதும் அப்படி இல்லை. ஆண்டு லாபம் 80,000 வெள்ளி என்று வையுங்கள். சோல் ப்ராப்பாக, கழிவுகள் எதுவும் எடுக்காமலே தனிநபர் வரி 3,350 வெள்ளி. புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று வரி ஆண்டுகளில் முதல் 100,000 வெள்ளியில் 75 விழுக்காடு விலக்கு, மீதி 20,000க்கு 17 விழுக்காடு, ஆக 3,400 வெள்ளி. கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாண்டு கழிந்தால் விலக்கு சுருங்கி அதே லாபத்துக்குக் கம்பெனி வரி 6,375 ஆகிவிடும். லாபம் 200,000 வெள்ளி என்றால் கதை மாறுகிறது: தனிநபராக 21,150, புதுக் கம்பெனியாக 12,750, மூன்றாண்டுக்குப் பிறகும் 16,575தான். கம்பெனியில் நீங்கள் எடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் காட்டலாம், வரி கட்டிய லாபத்திலிருந்து வரும் ஈவுத்தொகைக்கு மறுபடி வரி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செயலாளருக்கும் கணக்காளருக்கும் போகும் பணத்தையும் எதிர்ப்பக்கம் வையுங்கள். ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) எல்லாருக்கும் ஒன்றுதான், ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம்.

மசேநியையும் மறக்க வேண்டாம். கம்பெனியில் சம்பளம் எடுக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஊழியர் கணக்கில் வருவார்கள். 55 வயது வரையுள்ள குடிமகன் என்றால் கம்பெனி 17 விழுக்காடு, அவர் 20 விழுக்காடு. சோல் ப்ராப்புக்கு மெடிசேவ் மட்டும். வீட்டுக் கடனை மசேநியிலிருந்து கட்டிவந்தவர் வேலையை விட்டு சோல் ப்ராப் ஆனால், சாதாரணக் கணக்கில் புதுப்பணம் வருவது நின்றுவிடும். மாதத் தவணைக்கு ரொக்கம் எங்கிருந்து வரும் என்பதை ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டிபெண்டன்ட் பாஸில் (இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருக்கும் நம் பெண்கள் நிறையப் பேர் வீட்டிலிருந்து ஏதாவது தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். சோல் ப்ராப், கூட்டாளி, அல்லது 30 விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள இயக்குநர் என்ற நிலையில் மனிதவள அமைச்சிடம் ஒப்புதல் கடிதம் கேட்கலாம். ஆனால் உள்ளூர் ஊழியர் ஒருவரையாவது, நிர்ணயித்த சம்பளம் கொடுத்து, மசேநியும் கட்டி வைத்திருக்க வேண்டும். வீட்டில் பலகாரம் சுட்டு விற்கும் அளவுக்கு இது கட்டுப்படியாகாது, உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

சோல் ப்ராப்பில் தொடங்கிப் பிறகு கம்பெனிக்கு மாறலாமா என்றால், மாறலாம். பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம், பழைய தொழிலை மூன்று மாதத்துக்குள் மூடுவதாக உறுதி தர வேண்டும். ஆனால் கம்பெனி புது ஆள், அதற்குப் புதுப் பதிவெண். வாடகை ஒப்பந்தம், உணவுக் கடை உரிமம், வங்கிக் கணக்கு, காப்புறுதி, ஊழியர் ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும், பழைய கடன்கள் உங்கள் பெயரிலேயே நிற்கும். அதனால் ரெனவேஷன் குத்தகை எடுப்பவர், ஆள் வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர், முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு வரவழைப்பவர் ஆகியோர் முதல் நாளே கம்பெனியாகப் பதிந்துகொள்வது நல்லது. மற்றவர்கள் முதல் குத்தகையிலோ முதல் ஊழியரை எடுக்கும்போதோ மாறினால் போதும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு.