ஒரே நாயகி, இரு காதல்கள்: 'செவன்த் ஹெவன்', 'சன்ரைஸ்'

1927-இல் ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இவ்விரு மௌனப் படங்களிலும் ஜேனட் கெய்னரே நாயகி. முதல் ஆஸ்கர் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத்தந்த மூன்று படங்களுள் இவையும் அடங்கும்.

இயக்குநர் ஃபிராங்க் போர்சேகியின் 'செவன்த் ஹெவன்' காதல் அரும்புவதைச் சொல்கிறது. பாரிஸின் சாக்கடைத் தொழிலாளி சீக்கோவும் ஆதரவற்ற டயானும் ஏழாம் மாடிக்குப் படியேறும்போது, கேமராவும் தளம் தளமாக அவர்களுடன் உயர்கிறது. போர் பிரித்த பின்னரும், நாள்தோறும் பதினொரு மணிக்கு இருவரும் ஒருவரையொருவர் மனத்தால் அழைத்துக்கொள்கின்றனர். மாண்டதாகக் கருதப்பட்டவன் பார்வையிழந்து திரும்பும் முடிவை, அந்த அழைப்பை நம்பியவர்களே முழுமையாக ஏற்க முடியும்.

இயக்குநர் முர்னாவின் 'சன்ரைஸ்' முறிந்த காதல் மீண்டும் துளிர்ப்பதைக் காட்டுகிறது. என் மனம் சாய்வது இதன் பக்கமே. நகரத்துப் பெண்ணின் மயக்கத்தில் மனைவியை நீரில் மூழ்கடிக்கத் துணிந்த உழவன், படகில் கை எழாமல் தளர்ந்து, அஞ்சியோடும் அவளைத் தொடர்ந்து டிராமில் ஏறி நகரம் சேர்கிறான்; அங்கே தேவாலயத்தில், முன்பின் அறியாத இருவரின் திருமண உறுதிமொழியைக் கேட்டு, அவள்முன் உடைந்து அழுகிறான். பின்னர் வாகன நெரிசலின் நடுவே அவர்கள் நடக்கையில் தெரு மறைந்து பூவெளியாகிறது. முத்தத்தில் அவர்கள் தம்மை மறந்து நிற்க, நகரமே ஸ்தம்பிக்கிறது. இந்தத் தெருக்காட்சிக்கு ஒரு வசன அட்டைகூடத் தேவைப்படவில்லை.